அடுப்பில்லாத சமையல்: எந்தச் சூட்டை நம்பலாம், எதை நம்பக் கூடாது

பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. மேல்தட்டில் அலுமினியத் தாளால் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்த மீன் துண்டை எடுத்துப் பிரித்தேன். கண்ணாடி போலிருந்த சதை வெண்மையாகியிருந்தது. ஓரம் விரல் பட்டதும் அடுக்கடுக்காகப் பிரிந்தது. வாசனையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்த்தவர் எவரும் வெந்துவிட்டது என்றே சொல்லியிருப்பார்கள். தடித்த இடம் பார்த்து வெப்பமானியின் ஊசியைச் செருகினேன். 51 டிகிரி. மீனின் நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட வேண்டும். அந்தத் துண்டு நேராக வாணலிக்குப் போனது.

அடுப்பல்லாத சூட்டில் சமைக்க முயல்பவர்கள் தீப்புண்ணுக்கும் வெடிப்புக்கும்தான் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதுதான். ஆனால் இந்த முறைகளில் பலவற்றின் கோளாறு சூடு மிகுவதல்ல, பற்றாமல் போவது. மணிக்கணக்கில் வெதுவெதுப்பில் கிடந்த உணவு, பார்வைக்கு வெந்தது போலவே இருக்கும். வயிற்றுக்குள் போன பிறகுதான் தன் சங்கதியைச் சொல்லும்.

அதற்காக, புதுமையான சூடு என்றாலே ஆபத்து என்று ஒதுக்கவும் வேண்டாம். 1945-இல் ராடார் கருவியில் நுண்ணலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாயின் அருகே நின்ற பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர், தன் சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார். அன்று அதைவிட விநோதமான சமையல் சூடு இருந்திருக்க முடியாது. இன்று அதே சூடு மைக்ரோவேவ் அடுப்பாகி, அதில் பால் காய்ச்சுகிறோம்.

மனத்தில் இருக்க வேண்டிய எண்கள்

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். இந்த வரம்புக்குள் உணவு மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய நாள் என்றால் 1 மணி நேரம்தான். "மொத்தமாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். மேசைமேல் வைத்திருந்த நேரம், மெல்லச் சூடேறிய நேரம், ஆறிய நேரம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

நடுப்பகுதி தொட வேண்டிய வெப்பநிலை: கோழி முதலான பறவை இறைச்சிக்கு 74 டிகிரி, கொத்திய இறைச்சிக்கு 71, மீனுக்கு 63. முட்டை சேர்த்த பண்டங்களுக்கும் 71 என்று வைத்துக்கொள்ளலாம். கிருமி சாவது வெப்பநிலையும் நேரமும் சேர்ந்து செய்யும் வேலை. கோழி இறைச்சி 74 டிகிரியைத் தொட்ட கணத்தில் கிடைக்கும் பாதுகாப்பு, 60 டிகிரியில் ஏறக்குறைய அரை மணி நேரம் குறையாமல் வைத்திருந்தாலும் கிடைக்கும். ஆனால் "குறையாமல்" என்பதற்கு உறுதி சொல்ல, வெப்பநிலையைக் கட்டிக்காக்கும் கருவி வேண்டும். கார் இன்ஜினும் இஸ்திரிப் பெட்டியும் அந்த உறுதியைத் தராது. ஆகவே இங்கே 74 என்றால் 74.

"சந்தேகமாக இருந்தால் மறுபடி ஒரு கொதி விட்டால் போயிற்று" என்பது பலரின் நம்பிக்கை. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு கொதித்த பின்னும் உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சைக் கக்கும். ஸ்டஃபைலோகாக்கஸும் இப்படித்தான். பாக்டீரியா கொதியில் சாகும், அது விட்டுச்சென்ற நச்சு சாகாது. தாமதமான கொதி தவறைத் திருத்துவதில்லை.

இனி ஆற்றல் கணக்கு. 1 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 314 கிலோஜூல் வேண்டும். 2,000 வாட் மின்கெண்டி இதை மூன்று நிமிடத்துக்குள் கொடுத்துவிடும். தகரக் கிண்ணத்தில் வரும் சிறு மெழுகுவத்தி சுமார் 30 வாட் சூடு தருகிறது. அதன் சுடர் 1,000 டிகிரியைத் தாண்டும், ஆனால் அந்த லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, துளி வெப்பமும் வீணாகாமல் போனாலும்கூட ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். உண்மையில் கொதிக்கவே கொதிக்காது. பாத்திரம் சூடேற ஏற, அது காற்றுக்கு இழக்கும் வெப்பம் மெழுகுவத்தி கொடுப்பதைவிட அதிகமாகிவிடும். எந்தப் புதுச் சூட்டைப் பார்த்தாலும் "எத்தனை டிகிரி" என்று கேட்டுவிட்டு, கூடவே "எத்தனை வாட்" என்றும் கேளுங்கள்.

எந்த முறையானாலும் தொடங்கும் முன்

1. ஊசி முனை உள்ள உணவு வெப்பமானி ஒன்று வேண்டும். அது இல்லையென்றால் இந்த விளையாட்டே வேண்டாம். நிறையப் பனிக்கட்டியும் சிறிது தண்ணீரும் கலந்த குவளையில் அது 0 டிகிரி காட்ட வேண்டும், கொதிநீரில் 100. மலைப்பகுதியில் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

2. முதல் ஒத்திகை தண்ணீரில். நீங்கள் சமைக்க எண்ணும் அளவுக்கு அரை லிட்டரோ ஒரு லிட்டரோ அதே பாத்திரத்தில் ஊற்றி, அதே சூட்டில் வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். 2 மணி நேரத்தில் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டவில்லை என்றால், அந்தச் சூடு உணவைச் சூடாக வைத்திருக்க உதவலாம். பச்சை உணவை வேக வைக்க உதவாது.

3. உணவைத் தொடும் பொருள் எது என்று பாருங்கள். துத்தநாகப் பூச்சுள்ள வாளியும் கம்பியும் தீக்கு ஆகாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், அதற்கும் மேலே போனால் அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். புளிப்பான உணவு சூடில்லாமலேகூட அந்தப் பூச்சைக் கரைக்கும். பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்பித்தட்டைச் சுட்டு வாட்டப் பயன்படுத்துபவர்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குக் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைப் பூசியிருப்பார்கள். அலுமினியத் தாள் 660 டிகிரி வரை உருகாது, ஆனால் எலுமிச்சையும் தக்காளியும் அதை அரிக்கும். இடையில் சமையலுக்கான காகிதம் ஒன்றை வையுங்கள்.

4. காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடை விடும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கரி அடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுவராதீர்கள். சன்னலைத் திறந்து வைத்தேன் என்பது பதிலாகாது.

5. பாதியில் கைவிட நேர்ந்தால் உணவை எங்கே முடிப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். என் மீனுக்கு வாணலி இருந்தது. காட்டில் இருந்திருந்தால் அதை எறிந்திருப்பேன்.

பொதிந்து வேக வைத்தல்

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதில் சூட்டுக்கென்று எந்த மூலமும் இல்லை. வழக்கமான அடுப்பில் ஒரு கொதி விட்டு, பாத்திரத்தைக் கம்பளியாலோ வைக்கோலாலோ பொதிந்து மூடி, உள்ளே இருக்கும் வெப்பத்தைக் கொண்டே வேக விடுவது. நார்வே நாட்டின் "தானே சமைக்கும்" பெட்டி ஒன்று 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. போர்க்காலங்களில் எரிபொருள் தட்டுப்பட்டபோதெல்லாம் இந்த வைக்கோல் பெட்டி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

பாத்திரத்தை முக்கால் அளவுக்கு மேல் நிரப்புங்கள். குறைந்தது 2 லிட்டராவது இருக்கட்டும். அளவு சிறுத்தால் ஆறும் வேகம் கூடும், ஒருவருக்கான கஞ்சியை இதில் செய்ய முயல்வது வீண். இறுக்கமான மூடியைப் போட்டு அடுப்பில் தளதளவென்று கொதிக்க விடுங்கள். மூடியும் சூடாக வேண்டும், அதனால் மூடியபடியே கொதிக்கட்டும். அரிசிக்கு 5 நிமிடம், துண்டாக்கிய கிழங்குக்கு 5 முதல் 10, பருப்புக்கு 10 முதல் 15. இறைச்சியைச் சிறு துண்டுகளாகத்தான் போட வேண்டும், அதுவும் குழம்போடு 20 நிமிடமாவது கொதித்திருக்க வேண்டும். பிறகு மூடியைத் திறக்காமல் எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள்.

பெட்டிக்குள் அடியிலும் மேலேயும் பக்கங்களிலும் ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கு விரற்கடைக்கு மேல் பொதி இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். கம்பளி, வைக்கோல், கசக்கிய செய்தித்தாள், பழைய மெத்தைப் பஞ்சு எல்லாம் சரி. தெர்மோகோலைச் சூடான பாத்திரத்தின்மேல் நேராக ஒட்டி வைக்காதீர்கள், 100 டிகிரியை நெருங்கும்போது அது இளகும்.

என் 4 லிட்டர்ப் பாத்திரம் இரண்டு கம்பளிகளுக்குள் 98 டிகிரியில் தொடங்கியது. ஒரு மணி நேரம் கழித்து 92. நான்காவது மணியில் 79. ஆறாவது மணியில் 70-க்குச் சற்று மேல். இடையிடையே மூடியைத் திறந்து பார்த்த இன்னொரு நாளில் நான்காவது மணியிலேயே 66-க்கு வந்துவிட்டது. எட்டிப் பார்க்கும் ஆசையைத்தான் முதலில் அடக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் ஊசியைப் போடுங்கள். 60-க்கு மேல் இருந்தால், மீண்டும் ஒரு கொதி விட்டுப் பரிமாறலாம். 60-க்குக் கீழே போயிருந்து, எப்போது போனது என்று தெரியாவிட்டால் கொட்டிவிடுங்கள். இரவு வைத்துவிட்டுக் காலையில் திறப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள்.

சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. அதில் லெக்டின் வகை இயற்கை நச்சு ஒன்று உண்டு. அரைகுறையாக வெந்த சில கொட்டைகளே கடுமையான வாந்தியைக் கொண்டுவரப் போதும். முழுக் கொதியில்தான் அந்த நச்சு அழியும். 80 டிகிரிக்குக் கீழே மெல்ல வேக வைத்தால் பச்சைக் கொட்டையைவிடவும் நச்சுத்தன்மை கூடிவிடலாம். 5 மணி நேரமாவது ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் முழுக் கொதியில் வைத்த பிறகே பெட்டிக்குள் போக வேண்டும். வெயில் அடுப்புக்கும் இதே விதி.

வெயில்

நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1,000 வாட் விழுகிறது. இலவசமாக இவ்வளவு கிடைக்கிறதே என்று 1767-இல் ஹொராஸ் த சொசூர் என்ற சுவிஸ் அறிஞர் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணாடிப் பெட்டியாக அடுக்கி உள்ளே சூட்டைப் பிடித்துப் பார்த்தார். பின்னர் அவர் திருத்திச் செய்த பெட்டி 100 டிகிரியைத் தாண்டியது. இன்றைய பெட்டி அடுப்புகளும் அதே தத்துவம்தான். நன்கு செய்தது 120 முதல் 150 டிகிரி வரை போகும்.

வெறும் பெட்டியை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துச் சூடேற்றுங்கள். உள்ளே வெப்பநிலை 100-ஐத் தாண்டியதைக் கண்ணால் பார்த்த பிறகு உணவை வையுங்கள். பாத்திரம் மெல்லியதாக, வெளிப்புறம் கறுப்பாக, மூடியோடு இருக்க வேண்டும். கறுப்புச் சாயம் பூசியது என்றால் முதல் நாள் வெறும் பாத்திரத்தைச் சூடேற்றிச் சாயத்தின் வாசம் முழுவதும் போகும் வரை காய விடுங்கள், உட்புறம் சாயம் வேண்டாம். கதிரவன் நகர நகர 30 நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திருப்ப வேண்டும். காலை பத்துக்கு முன்பே வைத்தால்தான் நண்பகல் வெயில் முழுதாகக் கிடைக்கும்.

மேகம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் இதில் உண்மையான கேள்வி. அரிசியோ காய்கறியோ என்றால் சற்றுக் காத்திருக்கலாம். இறைச்சி என்றால், 2 மணி நேரத்துக்குள் 60-ஐத் தாண்டவில்லையென்றால் உடனே அடுப்புக்கு மாற்றுங்கள். காலையில் பச்சை இறைச்சியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "வெயில் ஏறும்போது தானே வெந்துகொள்ளும்" என்று வேலைக்குப் போவது, பாக்டீரியாவுக்கு விருந்து வைப்பது.

குழியாடி போன்ற வட்டில் அடுப்பு வேறு ரகம். குவியத்தில் பாத்திரம் வறுக்கும் அளவுக்குச் சுடும். ஆபத்தும் வழக்கமான அடுப்புக்குரியதுதான், கூடவே கண். கறுப்புக் கண்ணாடி அணியாமல் வட்டிலுக்குள் குனியாதீர்கள், குவியத்தில் கையை நீட்டாதீர்கள். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடி, கதிரவனுக்கு முதுகு காட்டி வையுங்கள். முற்றத்தில் திறந்தபடி விட்ட வட்டில், பிற்பகலில் கதிரவன் சாய்ந்ததும் தன் குவியத்தை எதிரில் உள்ள திரைச்சீலைமேல் நகர்த்திவிடும்.

கார் இன்ஜின்

நீண்ட பயணத்தில் உணவுப் பொட்டலத்தை இன்ஜின்மேல் வைத்துச் சூடாக்குவது ஓட்டுநர்களுக்குப் பழைய வழக்கம். குளிர்விப்பு நீர் 90 முதல் 105 டிகிரியில் ஓடும், புகை வெளியேறும் குழாயோ பல நூறு டிகிரிக்குப் போகும். இடம் மாறினால் உணவு வேகாமலும் போகலாம், கரியாகவும் போகலாம். இதை நான் இரண்டு முறை செய்துவிட்டு நிறுத்திவிட்டேன். சூடாக்க மட்டும் என்றால் ஒப்புக்கொள்வேன். பச்சை இறைச்சியை நம்பிக் கொடுக்க மாட்டேன்.

செய்வதென்றால், இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் வைக்கவும் எடுக்கவும் வேண்டும். பெல்ட், விசிறி, கம்பிகள், காற்று உள்ளே போகும் வாய் இவற்றின் பக்கம் போகாத இடமாகப் பாருங்கள். அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி அங்கே வைத்து மூடியை மெல்ல மூடித் திறந்தால், அது எவ்வளவு நசுங்கியது என்பதிலிருந்து இடைவெளி தெரியும். பொட்டலத்தை மூன்று உறையாக, மடிப்புகள் மேல்நோக்கி இருக்கும்படி சுற்றுங்கள், நகராதபடி நெருக்கி வையுங்கள். குழம்பாக ஒழுகும் எதுவும் வேண்டாம். குளிர்விப்பு நீரில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது இனிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். உறையில் எண்ணெய்ப் பிசுக்கோ பச்சை, ஆரஞ்சு நிறத் துளியோ தெரிந்தால் ஊசியைக் குத்திப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, குப்பைக்குத்தான். சமையலுக்காகவே இன்ஜினைக் கொட்டகைக்குள் ஓட விடுவது, கரி அடுப்பைக் கட்டிலுக்கடியில் வைப்பதற்குச் சமம்.

இஸ்திரிப் பெட்டியும் மற்ற வீட்டுக் கருவிகளும்

விடுதியில் தங்கியிருந்த காலத்தில் ரொட்டிக்கு நடுவே பாலாடைக்கட்டி வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவோம். பருத்திக்கான அளவில் அடித்தகடு 200 டிகிரியை ஒட்டிப் போகும், ரொட்டி பொன்னிறமாக மொறுமொறுப்பாகும். ஒருநாள் சுற்றியிருந்த அலுமினியத் தாள் கிழிந்து பாலாடைக்கட்டி உருகி ஆவித் துளைகளுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டிய அறை நண்பரின் வெள்ளைச் சட்டை முதுகில் மஞ்சள் புள்ளிகளோடு எழுந்தது. அவர் இன்றும் அதை மறக்கவில்லை.

தொட்டியில் தண்ணீரை வடித்து, ஆவியை அணைத்து, உணவை முழுதாக அலுமினியத் தாளில் மூடி, மேலிருந்து அழுத்துங்கள். ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 3 நிமிடம். மெல்லியது, தட்டையானது, ஏற்கெனவே உண்ணத்தக்கது, இந்த மூன்றும் பொருந்தினால் மட்டும். பெட்டியைத் தலைகீழாகப் புத்தகங்களுக்கு நடுவே செருகி அதன்மேல் பாத்திரம் வைப்பது தீ வைப்பதற்கான ஏற்பாடு.

பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு வருவோம். 1975-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடிகர் வின்சென்ட் பிரைஸ் இதில் மீன் வேக வைத்துக் காட்டினார். அதன் மிகச் சூடான சுழற்சியும் பெரும்பாலும் 70 டிகிரியை ஒட்டித்தான் போகும், அதுவும் சிறிது நேரமே. ஆகவே விரல் பருமனுக்கும் குறைந்த மீன் துண்டுகள், நீர் புகாத திருகு மூடிக் கண்ணாடிச் சாடி, மேல்தட்டு, சோப்பு இல்லாத ஓட்டம். வெளியே எடுத்ததும் ஊசி. அந்தச் சாடியை "மூடித்தானே இருக்கிறது" என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். காற்றில்லாத, புளிப்பில்லாத, வெதுவெதுப்பான சாடி, நரம்புகளை முடக்கும் பாட்டுலிசம் நோயின் கிருமிக்கு ஏற்ற வீடு, அதன் வித்துகள் 100 டிகிரிக்கே அசையாதவை.

மின்கெண்டியில் முட்டை அவிக்கலாம், ஓடு வெடித்தால் கழுவும் வேலை உங்களுடையது. மாவுப் பண்டமும் பாலும் பொங்கி மின் இணைப்புக்குள் இறங்கும், அவை வேண்டாம். மடிக்கணினியின் மேற்பரப்பு 45 டிகிரி, அறை சூடேற்றி 50, 60 டிகிரி, முடி உலர்த்தியின் காற்று அதைவிட மேல். மூன்றிலும் உணவின் நடுப்பகுதி பாக்டீரியா பெருகும் வெப்பநிலையிலேயே கிடக்கும். குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வெப்பமாகத்தான் வெளிவரும். 1963-இல் வந்த பொம்மை அடுப்பு ஒன்று இரண்டு 100 வாட் பல்புகளைக் கொண்டே குட்டிக் கேக்குகளைச் சுட்டது. எல்இடி விளக்கில் அதை முயல்வது வெட்டி வேலை.

தண்ணீர் ஊற்றினால் சூடாகும் பொட்டலங்கள்

படைவீரர்களின் உணவுப் பையில் வரும் சூடேற்றியில் மக்னீசியம், இரும்பு, உப்பு இருக்கும். தண்ணீர் பட்டதும் மக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறும், வெப்பம் வரும், கூடவே ஹைட்ரஜன் வாயுவும் வரும். தானே சூடாகும் உணவுக் கிண்ணங்கள் பலவற்றில் நீற்றாத சுண்ணாம்பு. சுண்ணாம்பு நீற்றும் களத்தில் தண்ணீர் ஊற்றியதும் எழும் அந்தச் சீற்றம்தான் இங்கே கிண்ணத்துக்கடியில் நடக்கிறது. சிலவற்றில் அலுமினியத் தூளும் சேரும், அப்போதும் ஹைட்ரஜன்.

உள்ளே இருக்கும் உணவு ஏற்கெனவே வெந்தது என்பதால் கிருமிப் பயம் குறைவு. ஆவிக்கும் வாயுவுக்கும்தான் அஞ்ச வேண்டும். குறித்த அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிநீர் ஊற்றவே வேண்டாம். மூடியில் உள்ள துளை திறந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். அது அடைபட்டால் கிண்ணம் வெடிக்கும். கண்ணாடி மேசைமேல் வைக்காதீர்கள். அருகில் சுடரோ சிகரெட்டோ கூடாது, காரின் மூடிய சன்னல்களுக்குள் கூடாது. முடிந்த பின்னும் பொட்டலம் நெடுநேரம் சுடும், உள்ளிருக்கும் கூழ் தோலையும் கண்ணையும் அரிக்கும். இதில் பச்சை முட்டையை வைத்துச் சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பொட்டலம் தரும் சூடு அளவானது, அது தீர்ந்ததும் தீர்ந்ததுதான்.

மெழுகுவத்தி, கல், மண்ணின் சூடு

கணக்கைப் பார்த்துவிட்டு மெழுகுவத்திகளைப் பத்து, பன்னிரண்டு என்று நெருக்கி வைக்கத் தோன்றும். அதுதான் கூடாது. நெருக்கி வைத்தால் ஒன்றின் சூட்டில் இன்னொன்றின் மெழுகு முழுதும் உருகி, ஆவியாகி, மொத்தமாகத் தீப்பற்றும். அப்போது தண்ணீர் ஊற்றினால் தீ கூரை வரை எழும். மூடி போட்டுத்தான் அணைக்க வேண்டும். இரண்டு மூன்று வத்திகளை இடைவெளி விட்டு வைத்து, வெந்த உணவை ஆறாமல் காப்பது மட்டும் சரி.

கல்லைச் சுட்டு அதன்மேல் வாட்டுவது நல்ல முறை, கல் சரியாக இருந்தால். ஆற்றிலிருந்து எடுத்த வழவழப்பான கல்லின் நுண்துளைகளில் தண்ணீர் இருக்கும், தீயில் அது ஆவியாகிக் கல்லைச் சிதறடிக்கும். நீர்நிலைக்கு அப்பால் நெடுங்காலம் உலர்ந்த கருங்கல்லை எடுத்து, முதல் முறை மெல்லச் சூடேற்றி, எட்ட நின்று பாருங்கள்.

எரிமலைச் சூட்டில் சமைக்கும் ஊர்கள் உலகில் இருக்கின்றன. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் உள்ள ஃபுர்னாஸ் ஊரில் இறைச்சியும் காயும் நிரப்பிய பானையைச் சூடான மண்ணில் ஐந்தாறு மணி நேரம் புதைக்கிறார்கள். ஐஸ்லாந்தில் ரொட்டி மாவைப் பானையோடு ஒரு நாள் முழுதும் புதைக்கிறார்கள். இரண்டிலும் உணவு மூடிய பானைக்குள் இருக்கிறது, ஊற்று நீர் அதைத் தொடுவதில்லை. வெந்நீர் ஊற்றில் ஆர்செனிக் முதலானவை கலந்திருக்கக் கூடும். எந்த இடத்தில் தரை தாங்கும் என்பது அந்த ஊராருக்குத்தான் தெரியும். 2020-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் கோழிகளைச் சாக்கில் கட்டி அமிழ்த்தியவர்கள் பிடிபட்டார்கள், பூங்காவுக்குள் நுழையத் தடையும் பெற்றார்கள். உயிரோடு திரும்பினார்கள் என்பதே பெரிது.

தொடவே கூடாதவை

சுவரின் மின்சாரத்தை இரண்டு ஆணிகள் வழியாக உணவுக்குள் செலுத்திச் சமைப்பது. தொழிற்சாலையில் இந்தத் தத்துவத்தில் கருவிகள் உண்டு, ஆனால் அவற்றில் காப்பும் கட்டுப்பாடும் உண்டு. வீட்டில் செய்தால் ஆணியின் உலோகம் உணவில் கரையும், கை பட்டால் உயிர் போகும். சாயம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, பூச்சி அரிக்காமல் மருந்தேற்றிய பழைய மரம் இவற்றை எரித்து அந்தப் புகையில் உணவை வாட்டுவதும் கூடாது. ஈயமும் ஆர்செனிக்கும் அப்படித்தான் தட்டுக்கு வருகின்றன. பழைய சாயம் சுரண்டப் பயன்பட்ட வெப்பக்காற்றுத் துப்பாக்கியை மறுநாள் சமையலறைக்குக் கொண்டுவரக் கூடாது. வாயுச் சுடர்த் துப்பாக்கி மேற்புறத்தைச் சிவக்க வைக்கும், நடுவைத் தொடாது. வெந்த உணவுக்கு நிறம் ஏற்ற மட்டும் அது ஆகும்.

குறிப்பேடு

ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். உணவு, பருமன், தொடக்க வெப்பநிலை, 60-ஐத் தாண்டிய நேரம், முடிவு வெப்பநிலை. மறுமுறை அளவை மாற்றும்போது அந்த வரிதான் துணை. என் ஏட்டில் மீன் மறுபடி வந்த நாள் இப்படி இருக்கிறது: "பாத்திரம் கழுவும் இயந்திரம், மிகச் சூடான சுழற்சி, சோப்பு இல்லை. மீன், 1 செ.மீ. பருமன், கண்ணாடிச் சாடி, இரண்டு துண்டுகள். எடுத்ததும் ஒன்று 64, மற்றொன்று 61. இரண்டாவது வாணலிக்கு."